காதால் படிக்கத் தொடங்குபவர்களுக்கு: செட்டிநாட்டு வீடுகளுக்கான சிக்கன வழி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவருக்குப் பார்வை போய்விட்டால், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பிள்ளைகள் முதலில் செய்வது புத்தகமும் பாட்டும் கேட்க விலை உயர்ந்த கருவி ஒன்றை வாங்கி அனுப்புவதுதான். அந்த அன்பில் குறையே இல்லை. ஆனால் அந்தக் கருவியை யாராவது வந்து போட்டுவிட்டுப் போகவேண்டும். பாட்டு நின்றால் மறுபடி யாரையாவது கூப்பிடவேண்டும். கொஞ்ச நாளில் அது அலமாரிக்குள் போய்விடுகிறது.

அதனால் எதை வாங்குவதற்கு முன்பும், எந்தச் செயலியை இறக்குவதற்கு முன்பும் நான்கு கேள்விகள் கேளுங்கள். பக்கத்தில் யாருமே இல்லாதபோது அவரே அதைப் போட முடியுமா? அவரே நிறுத்த முடியுமா? நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா? அடுத்த புத்தகத்துக்குப் போக முடியுமா? நான்குக்கும் ஆமாம் என்றால் அது இலவசச் செயலியாக இருந்தாலும் நல்ல கருவி. ஒன்றுக்கு இல்லை என்றாலும் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். கீழே சொல்லப்போவது எல்லாவற்றையும் இந்த நான்கு கேள்விகளை வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

முதலில் கையில் இருக்கும் போன்

வீட்டில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்கெனவே இருக்கிறது. செட்டிங்ஸில் அணுகல்தன்மை (Accessibility) என்ற பகுதிக்குள் போனால் டாக்பேக் இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். அங்கேயே குறுக்குவழி என்று ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்துவிடுங்கள். அதன்பிறகு ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் டாக்பேக் வரும். மறுபடி அழுத்தினால் போகும். பார்வை உள்ள வீட்டார் முதலில் பழகவேண்டியது இதைத்தான். டாக்பேக் ஓடும்போது திரை நாம் பழகிய மாதிரி நடந்துகொள்ளாது. ஒருமுறை தொட்டால் எது தொடப்பட்டது என்று பெயர் சொல்லும், அவ்வளவுதான். அதைத் திறக்க இரண்டு முறை தட்டவேண்டும். இது தெரியாமல் போன் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

பழக வேண்டிய அசைவுகள் கொஞ்சம்தான். ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தியது. இரண்டு முறை தட்டினால் திறக்கும். இரண்டு விரலால் மேலோ கீழோ தள்ளினால் பக்கம் நகரும். இரண்டு விரலால் ஒருமுறை தட்டினால் டாக்பேக்கின் பேச்சு நிற்கும். புதிய போன்களில் இரண்டு விரலால் இரண்டு முறை தட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டோ புத்தகமோ நிற்கும், மறுபடி தட்டினால் ஓடும். இந்தக் கடைசி அசைவு ஒன்றுக்காகவே புதிய போன் நல்லது என்பேன். திரையில் பொத்தானைத் தேடவேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

முதல் வாரம் இவற்றைத் தவிர வேறு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் அப்புறம். அப்பத்தாவின் கையைப் பிடித்து நீங்களே திரையில் இழுக்காதீர்கள். வாயால் சொல்லுங்கள், அவர் விரல் செய்யட்டும். தவறாக எங்கேயாவது போய்விட்டால் திரும்பி வரும் வழியையும் அவரே கண்டுபிடிக்கட்டும்.

டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதி உண்டு. அதைப் போட்டால் திரை கறுப்பாகிவிடும், போன் வழக்கம்போல வேலை செய்யும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் வங்கிச் செய்தியை எட்டிப் பார்க்க முடியாது.

தமிழ்க் குரல்

டாக்பேக் ஆங்கிலத்தில் பேசினால் பயப்பட வேண்டாம். செட்டிங்ஸில் எழுத்திலிருந்து பேச்சு (Text-to-speech) என்ற இடத்துக்குப் போய், கூகிளின் பேச்சுச் சேவையைத் தேர்ந்தெடுத்து, குரல் தரவை நிறுவும் இடத்தில் தமிழை இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கிவிட்டால் இணையம் இல்லாதபோதும் பேசும். சில போன்களில் அந்த நிறுவனத்தின் சொந்தக் குரல்தான் முதலில் அமைந்திருக்கும். தமிழ் சரியாக வராவிட்டால் கூகிளுக்கு மாற்றிப் பாருங்கள்.

குரலின் வேகத்தைத் தொடக்கத்தில் நன்றாகக் குறைத்து வையுங்கள். இயந்திரக் குரல் முதல் நாளில் யாருக்கும் பிடிக்காது. சில வாரங்களில் காது பழகிவிடும், அப்புறம் அவரே வேகத்தைக் கூட்டச் சொல்வார். பல காலமாகக் கேட்பவர்கள் நம் காதுக்கு எட்டாத வேகத்தில் வைத்துக் கேட்பதைப் பார்க்கலாம்.

என்ன படிப்பது, எங்கே கிடைக்கும்

தமிழ் நூல்களை மின்னூலாக்கி இணையத்தில் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியது. சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நாவல்கள் வரை அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் நிறைய இருக்கின்றன. இந்த இரண்டிலும் பெரும்பாலும் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்து என்பதால் குரல் நன்றாகவே வாசிக்கும். கோப்பை இறக்கி, அட்வாய்ஸ் (@Voice) போன்ற இலவச வாசிப்புச் செயலியில் திறந்தால் போதும். அது விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்.

இரண்டு தடங்கல்கள் வரும். முதலாவது எழுத்துரு. பழைய தமிழ்க் கோப்புகள் பாமினி, டிஸ்கி, வானவில் என்று பலவகை எழுத்துமுறைகளில் இருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது காதுக்கு வெறும் உளறலாகக் கேட்கும். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருள் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும். இரண்டாவது, படமாக எடுக்கப்பட்ட புத்தகங்கள். பக்கத்தை ஸ்கேன் செய்து போட்டிருந்தால் டாக்பேக் போன்ற திரைவாசிப்பானுக்கு அதில் எழுத்தே இல்லை. அந்தக் கோப்பைக் கூகிள் டிரைவில் ஏற்றி, கூகிள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும். தமிழுக்கும் செய்கிறது. பழைய அச்சில் பிழைகள் வரும். ஆனாலும் கதை புரியும்.

இயந்திரக் குரலுக்கு உரைநடை கொடுங்கள். செய்யுள் கொடுக்காதீர்கள். சந்தி சேர்ந்த பாட்டைக் குரல் சிதைத்துவிடும். கம்பன் விழாக்களில் வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு அதைக் கேட்கப் பொறுக்காது. பாட்டுக்கு மனிதக் குரல்தான்.

பார்வையற்றோருக்கென்றே அமைந்த சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை, இந்திய டெய்சி மன்றம், டாடா கன்சல்டன்சி ஆகியவை சேர்ந்து உருவாக்கியது. அத்தியாயம், பக்கம் என்று தாவிக் கேட்கக்கூடிய டெய்சி, மின்னூலான இபப், பிரெயில் ஆகிய வடிவங்களில் புத்தகங்கள் இருக்கின்றன. அச்சைப் படிக்க முடியாதவர் என்பதற்கான சான்றோடு, டெய்சி மன்றத்தில் உறுப்பாக உள்ள அமைப்பு ஒன்றின் வழியாகச் சேரவேண்டும். மாணவராக இருந்தால் இதில் சேர்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு, மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. காரைக்குடியிலிருந்து காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பிவிடலாம்.

ஒலிப்புத்தகத்துக்கு ஒரு செயலி

எம்பி3 கோப்புகளைக் கேட்கச் சாதாரண பாட்டுச் செயலியைக் கொடுக்காதீர்கள். ஆறு மணி நேரப் புத்தகத்தை நடுவில் நிறுத்திவிட்டு ஒரு பாட்டுக் கேட்டால், புத்தகம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மூன்றாவது கேள்வியில் அது தோற்றுவிடுகிறது. வாய்ஸ் என்ற பெயரில் திறமூல ஒலிப்புத்தகச் செயலி இருக்கிறது. விளம்பரம் இல்லை, காசு இல்லை. ஒவ்வொரு கோப்புறையையும் ஒரு புத்தகமாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் விட்ட இடத்தைத் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். டெய்சி புத்தகங்களுக்கு டால்ஃபின் நிறுவனத்தின் ஈசிரீடர் இலவசம்.

விஎல்சி இரண்டாவது செயலியாக இருக்கட்டும். ஏறக்குறைய எந்த வடிவ ஒலிக்கோப்பையும் அது ஓட்டும், வேகத்தையும் கூட்டலாம்.

போன் வேண்டாம் என்பவர்களுக்கு

எழுபது, எண்பது வயதில் பார்வை போனவர்களுக்குத் தொடுதிரை பிடிபடாமல் போகலாம். விரல் நடுங்கினால் டாக்பேக் இன்னும் கடினம். அவர்களை வற்புறுத்தக் கூடாது. தொட்டுணரக்கூடிய பொத்தான் வேண்டும் என்பது நியாயமான தேவை.

காரைக்குடி செக்காலை ரோட்டுக் கடைகளில் மெமரி கார்டு, பென் டிரைவ் போடும் சின்ன ரேடியோக்கள் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. வானொலியும் கேட்கலாம் என்பது கூடுதல் நன்மை. கடையிலேயே சோதித்து வாங்குங்கள். பெரியவரைக் கூடவே அழைத்துப் போங்கள். பொத்தான்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா, அழுத்தினால் விரலுக்குத் தெரிகிறதா என்று அவர் தடவிப் பார்க்கட்டும். பிறகு ஒரு நீளமான கோப்பை ஓடவிட்டு, நடுவில் அணைத்து, மறுபடி போடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அதையே வாங்குங்கள், பார்க்க அழகாக இருக்கும் இன்னொன்றை அல்ல. பல ரேடியோக்கள் கோப்பின் தொடக்கத்துக்கே போய்விடும். அப்படிப்பட்டதுதான் கிடைக்கிறது என்றால் கோப்புகளைப் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். திரும்பக் கேட்டாலும் கொஞ்சம்தான் வீணாகும்.

வாங்கி வந்ததும் ஓட விடும் பொத்தானில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். அது உதிர்ந்தால் நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தால் நிற்கும். ஒரு பொத்தானுக்கு மட்டும் அடையாளம் போதும். எல்லாவற்றிலும் ஒட்டினால் எதுவுமே தெரியாது.

மெமரி கார்டில் மூன்று விஷயங்களைக் கவனிக்கவேண்டும். ஒன்று, 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை மலிவான ரேடியோக்கள் பல வாசிப்பதில்லை. பெரிய கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் வருவதுதான் காரணம். 32 ஜிபியே ஏராளம். பேச்சு ஒலிக்கு ஒற்றைத் தடத்தில் (மோனோ) 64 கேபிபிஎஸ் தரம் போதுமானது. அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிதான் ஆகும். ஒரு கார்டில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் அடங்கும். இரண்டு, இந்த ரேடியோக்கள் பல கோப்பின் பெயரைப் பார்ப்பதே இல்லை. எந்த வரிசையில் கார்டில் ஏற்றினீர்களோ அந்த வரிசையில்தான் ஓட்டும். அதனால் பெயரின் முன்னால் 001, 002 என்று எண் போடுவதோடு, காலியான கார்டில் அதே வரிசையில் ஏற்றவும் வேண்டும். நடுவில் ஒன்றை அழித்து வேறொன்றைச் சேர்த்தால் வரிசை குழம்பும். முழுதும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவதே நல்லது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் மூன்று விநாடிக்கு உங்கள் குரலில் புத்தகத்தின் பெயரையும் அத்தியாய எண்ணையும் பதிந்து சேர்த்துவிடுங்கள். அடுத்தது, அடுத்தது என்று அழுத்திக்கொண்டே போகும்போது எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பேசாத ரேடியோ இந்த ஒரு வேலையால் பேசும் கருவியாகிவிடுகிறது. நான்காவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

டெய்சி பிளேயர்: யாருக்கு, எப்போது

டெய்சி என்பது தலைப்பு, அத்தியாயம், பக்கம் என்று தாவிப் போகும்படி அமைக்கப்பட்ட ஒலிப்புத்தக வடிவம். இதற்கான கூட்டமைப்பு 1996இல் உருவானது. கனடாவின் ஹ்யூமன்வேர் செய்யும் விக்டர் ரீடர் ஸ்ட்ரீம், ஜப்பானின் பிளெக்ஸ்டாக் ஆகியவை பெயர்பெற்ற பிளேயர்கள். விக்டர் ரீடரில் எண் பொத்தான்களில் 2, 8 ஆகியவற்றால் எந்த அளவில் தாவுவது என்று தேர்ந்து, 4, 6 ஆகியவற்றால் பின்னும் முன்னும் போகலாம். அடையாளம் வைத்துக்கொள்ளலாம். நான்கு கேள்விகளுக்கும் நிறைவான பதில் தரும் கருவி. ஆனால் வெளிநாட்டிலிருந்து வாங்கினால் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும்.

பாடப்புத்தகத்தில் நாற்பத்தேழாம் பக்கத்துக்குப் போகவேண்டிய மாணவருக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கும் அந்தச் செலவு தகும். கதையும் பேச்சும் பக்திப் பாடலும் கேட்பவருக்குத் தேவையில்லை. இதை வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லுங்கள். வாங்குவதாக முடிவு செய்தாலும், தமிழ் எழுத்துக் கோப்பு ஒன்றைக் கொடுத்து வாசிக்கவைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வெளிநாட்டுக் கருவியில் தமிழ்க் குரல் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விலை கொடுக்காமல் பெறவும் வழி இருக்கிறது. மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் வழியாக உதவிக் கருவிகள் வழங்கப்படுகின்றன. டெய்சி பிளேயரும் அவற்றில் வந்திருக்கிறது. தமிழக அரசும் பார்வையற்றவர்களுக்கு ஸ்மார்ட்போன் வழங்குகிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்ற மருத்துவச் சான்றும், தனித்துவ அடையாள அட்டையும் (யுடிஐடி), ஆதாரும், வருமானச் சான்றும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரவியிருப்பதால் எங்கே போவது என்ற குழப்பம் பலருக்கும் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்காரர்கள் சிவகங்கைக்குப் போகவேண்டும். இராயவரம், கோனாபட்டு, கடியாபட்டிக்காரர்கள் புதுக்கோட்டைக்குப் போகவேண்டும். இரண்டு ஊரிலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் மனுக் கொடுக்கலாம். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

கணினி இருந்தால்

விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் முழுக்க இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006 முதல் எழுதி வளர்த்தது. தமிழிலேயே அதன் மெனுக்கள் கிடைக்கின்றன. உள்ளேயே வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் பேசும், கொஞ்சம் இயந்திரத்தனமாக. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தமிழ் மொழியைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற குரல் வரும், அது இதமாக இருக்கும். என்விடிஏவைத் தொடங்கக் கண்ட்ரோல், ஆல்ட், என். பேச்சை நிறுத்தக் கண்ட்ரோல். தொடர்ந்து வாசிக்க இன்செர்ட்டும் கீழ் அம்பும். இன்செர்ட்டும் 1ம் அழுத்தினால் எந்த விசை என்ன செய்யும் என்று சொல்லும் பயிற்சி நிலை வரும். அதிலேயே ஒரு நாள் முழுக்க விளையாடலாம். பென் டிரைவில் வைத்துக்கொண்டு கல்லூரிக் கணினியிலோ இணைய மையத்திலோ ஓட்டும் வசதியும் உண்டு.

வீட்டிலேயே புத்தகம் பதிவு செய்ய

ஆச்சியோ பேத்தியோ வாசித்துப் பதிந்த குரலுக்கு இணையாக எந்த இயந்திரமும் இல்லை. போனில் இருக்கும் குரல் பதிவுச் செயலியே போதும். இடம்தான் முக்கியம். நம் செட்டிநாட்டு வீடுகளில் வளவு, பட்டாலை போன்ற பெரிய திறந்த இடங்களில் உட்கார்ந்து பதியாதீர்கள். உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, கண்ணாடிபோல் பூசிய சுவர் எல்லாம் குரலை எதிரொலித்து அடிக்கும். வளவை ஒட்டிய சின்ன அறையில், மெத்தையும் மடித்த சேலைகளும் நிறைந்த இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வாசியுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். வெயில் காலத்தில் அதிகாலையில் பதிந்தால் புழுக்கமும் குறையும், தெருச் சத்தமும் குறையும். போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்.

தவறாக வாசித்துவிட்டால் பதிவை நிறுத்தாமல் இரண்டு விநாடி இடைவெளி விட்டு அந்த வாக்கியத்தை மறுபடி வாசியுங்கள். பிறகு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் தவறானதை வெட்டிவிடலாம். என்விடிஏவோடு ஆடாசிட்டி நன்றாகவே ஒத்துழைக்கும் என்பதால் இந்த வெட்டு வேலையைப் பார்வையற்றவரே செய்யலாம். ஆர் பதிவுக்கு, ஸ்பேஸ் ஓட்டவும் நிறுத்தவும், கண்ட்ரோலும் பியும் (B) அந்த இடத்துக்குப் பெயர்ச்சீட்டு வைக்க. முழுப் புத்தகத்தையும் ஒரே பதிவாக வைத்துக்கொண்டு, சீட்டு வைத்த இடங்களில் பிரித்துத் தனித்தனி எம்பி3 கோப்புகளாக ஒரே தடவையில் எடுக்கலாம். டெய்சி வடிவமே வேண்டுமென்றால் டெய்சி கூட்டமைப்பு தரும் ஓபி (Obi) என்ற மென்பொருள் இலவசம்.

இதில் சட்டச் சிக்கல் இருக்குமோ என்று சிலர் தயங்குகிறார்கள். 2012இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்ற அனுமதிக்கிறது. அதை யூடியூபில் ஊருக்கெல்லாம் போடுவது வேறு விஷயம், அதைச் செய்யக் கூடாது.

பேச்சு நின்றுபோனால்

திடீரென்று போன் பேசாமல் போனால் முதலில் ஒலி அளவைப் பாருங்கள். டாக்பேக்கின் ஒலியும் பாட்டின் ஒலியும் தனித்தனியாகக் குறைந்திருக்கலாம். அடுத்து, பேரப்பிள்ளையின் ப்ளூடூத் இயர்போனோடு போன் தானாக இணைந்துகொண்டு குரல் முழுதும் அங்கே போய்க்கொண்டிருக்கலாம். ப்ளூடூத்தை அணைத்துப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இரண்டு ஒலிப் பொத்தான்களையும் மூன்று விநாடி பிடித்து டாக்பேக்கை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். அப்போதும் பேசவில்லையென்றால் போனை அணைத்துப் போடவேண்டும்.

இயர்போன் போட்டுக்கொண்டு வெளியே போகிறவர் ஒரு காதில் மட்டும் போடட்டும். மற்றக் காது தெருவுக்கு வேண்டும்.